நாற்பது மாணவர் முன் தயங்காதவர் மூவர் முன் தயங்குவது ஏன்?

பதினான்கு ஆண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றிவிட்டு வேறு துறைக்குச் செல்ல முடிவெடுத்திருக்கும் நீங்கள், நாள்தோறும் நாற்பது மாணவர்கள் முன் தயக்கமின்றிப் பேசும் தமக்கு நேர்முகத் தேர்வில் மூன்று பேர் முன் நா வறண்டு போவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். இது கூச்சத்தால் வருவது என்று நான் நினைக்கவில்லை. வகுப்பறையில் கேள்வி கேட்பவர் நீங்கள்; அங்கே பேசுபொருள் பாடம். நேர்முகத் தேர்விலோ கேள்வி கேட்பவர் வேறொருவர், பேசுபொருள் நீங்களே. அதோடு, ஒருவர் எதிரே அமர்ந்து உங்களைக் குறிப்பெடுத்துக்கொண்டு மதிப்பிட்ட அனுபவம் உங்களுக்குப் பெரும்பாலும் ஆய்வு அதிகாரி கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்த நாள்களில்தான் கிடைத்திருக்கும். அன்றைய நோக்கம் குறை எதுவும் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வது. அந்த மனநிலையோடு நேர்முகத் தேர்வுக்குச் சென்றால், பதில்கள் சுருங்கித் தற்காப்பாக மாறிவிடும்.

‘தேர்வு’ என்ற சொல்லை ஆசிரியர்கள் பரீட்சை என்ற பொருளிலேயே கேட்டுப் பழகியவர்கள். இங்கே அதற்குத் தேர்ந்தெடுத்தல் என்று பொருள். எதிரே இருப்பவருக்கு முடிக்க வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. அதை உங்களிடம் ஒப்படைக்கலாமா என்பதை அவர் தெரிந்துகொள்ள விரும்புகிறார், அவ்வளவுதான்.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977-இல், ‘என்னால் இதைச் செய்ய முடியும்’ என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் பிறக்கிறது என்று விளக்கினார்: தாமே செய்து முடித்த அனுபவம், தம்மைப் போன்றவர் செய்வதைக் காண்பது, பிறர் தரும் ஊக்கச் சொல், உடலும் மனமும் அந்த நேரத்தில் இருக்கும் நிலை. இவற்றுள் முதலாவதே வலிமையானது என்பது அவர் கருத்து. ஆகவே, ‘தைரியமாக இருங்கள்’ என்று நான் சொல்வதால் உங்களுக்குப் பெரிய பயன் விளையாது. நீங்கள் ஏற்கெனவே செய்து முடித்தவற்றை உங்கள் கண்முன் கொண்டுவந்து வைப்பதே பயன் தரும்.

அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு, இரண்டு வாரங்களில் பத்துச் சம்பவங்களை எழுதுங்கள். கோபத்தோடு வந்த பெற்றோர் அமைதியாகத் திரும்பிச் சென்ற நாள், பாடத்திட்டம் நடுவில் மாறியபோது நீங்கள் செய்த ஏற்பாடு, 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது சில நாள்களுக்குள் பாடங்களை இணையத்துக்கு மாற்றிய விதம் என எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றிலும் சூழல் என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, விளைவு என்ன என்ற நான்கும் இருக்க வேண்டும். ஆசிரியர்கள் பெரும்பாலும் சூழலை விரித்துச் சொல்லிவிட்டு, செயலுக்கு வரும்போது ‘நாங்கள்’ என்று பேசத் தொடங்கி, விளைவைச் சொல்லாமலே முடித்துவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அடக்கம் நல்ல குணம்தான். ஆனால் நீங்கள் செய்ததை நீங்கள் சொல்லாவிட்டால் அந்த அறையில் வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

‘மாணவர்களுக்குப் புரியும்படி கணிதம் நடத்துவேன்’ என்ற பதிலை எடுத்துக்கொள்வோம். அது உண்மையாக இருந்தாலும் கேட்பவர் மனத்தில் எதுவும் பதியாது. அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “42 பேர் கொண்ட வகுப்பில் 19 பேர் பின்னங்கள் பாடத்தில் தேறவில்லை. விடைத்தாள்களை மீண்டும் எடுத்துப் பார்த்ததில், பெரும்பாலான பிழைகள் பகுதி எண்களைச் சமமாக்கும் இடத்திலேயே நேர்ந்திருந்தன. முழுப் பாடத்தையும் திரும்ப நடத்தாமல், அந்த ஒரு படிக்கு மட்டும் ஆறு வாரங்கள் தினமும் 15 நிமிடம் ஒதுக்கினேன். அடுத்த தேர்வில் தேறாதவர்கள் 7 பேர்.” கணிதமே தெரியாத மேலாளருக்கும், இவர் தரவைப் பார்க்கிறார், காரணத்தைத் தேடுகிறார், நேரத்தை அளந்து செலவிடுகிறார், முடிவைச் சரிபார்க்கிறார் என்பது விளங்கிவிடும். இவை எடுத்துக்காட்டுக்கான எண்கள். நீங்கள் சொல்லும் எண்கள் உங்கள் பதிவேட்டில் உள்ளவையாகவே இருக்க வேண்டும். மாணவர் எவரையும் அடையாளம் காட்டும் விவரம் வரக் கூடாது.

நிறுவனப் பயிற்சியாளர் பணிக்கு விண்ணப்பிப்பதானால் இன்னொன்றையும் அறிந்து செல்லுங்கள். பயிற்சியின் பயனை அளக்க டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் முன்வைத்த நான்கு நிலைகள் அத்துறையில் இன்றும் பேசப்படுகின்றன: பங்கேற்றவருக்குப் பயிற்சி பிடித்ததா, அவர் கற்றுக்கொண்டாரா, வேலையில் அவர் நடைமுறை மாறியதா, நிறுவனத்துக்கு அதனால் பலன் கிடைத்ததா. பள்ளித் தேர்வுகள் பெரும்பாலும் இரண்டாம் நிலையோடு நின்றுவிடும். மூன்றாவதும் நான்காவதும் உங்களுக்குப் புதியவை என்பதை மறைக்காமல் சொல்லி, அவற்றை எப்படி அளக்கலாம் என்று நீங்கள் யோசித்து வைத்திருப்பதையும் சொன்னால் அது நல்ல பதில்.

‘ஏன் ஆசிரியப் பணியை விடுகிறீர்கள்?’ என்பதே உங்களை மிகவும் வாட்டும் கேள்வி என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகளைக் கைவிட்டுச் செல்கிறோமோ என்ற உறுத்தல் அதன் அடியில் இருப்பதும் எனக்குப் புரிகிறது. அந்த உறுத்தலை வீட்டிலோ நெருங்கியவரிடமோ முதலில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அது நேர்முகத் தேர்வில் பழைய பள்ளியைப் பற்றிய புகாராகவோ, மன்னிப்புக் கேட்கும் தொனியாகவோ வெளிப்பட்டுவிடும். மூன்று வாக்கியங்கள் போதும்: இப்பணியில் நீங்கள் எதைத் திறம்படச் செய்தீர்கள், அதில் எந்தப் பகுதியை இனி முழுநேரமாகச் செய்ய விரும்புகிறீர்கள், இந்த வேலை அதற்கு எப்படிப் பொருந்துகிறது.

பதில்களைக் கைப்பேசியில் பதிவுசெய்து கேட்டுப் பாருங்கள். இரண்டு நிமிடத்தைத் தாண்டினால், ஒரே கருத்தை மூன்று விதமாகச் சொல்லும் வகுப்பறைப் பழக்கம் அதில் தெரியும். கல்வித் துறைக்கு வெளியே உள்ள ஒருவரைக் கேள்வி கேட்கச் சொல்லிப் பழகுங்கள். ஏற்கெனவே துறை மாறிய ஆசிரியர் ஒருவரிடமும் பேசுங்கள். பண்டுரா சொன்ன இரண்டாவது வழி அதுதான்.

கேள்வி கேட்டதும் உடனே பதில் வராவிட்டால் பதற வேண்டாம். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் பொதுவாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினால் மாணவர்களின் விடை செழுமையடைகிறது என்றும் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் எழுதினார். மாணவருக்குத் தரும் அந்த மூன்று நொடியை உங்களுக்கும் நீங்கள் தரலாம். நெஞ்சு படபடத்தால், முதன்முதலாக வகுப்புக்குள் நுழைந்த நாளிலும் அது அப்படித்தான் அடித்தது என்பதையும், அன்று நீங்கள் பாடத்தை நடத்தி முடித்தீர்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் அழைப்பிலேயே வேலை கிடைக்காமல் போகலாம். அப்படி நேர்ந்தால், அன்று மாலையே, நினைவு மங்குவதற்குள், கேட்கப்பட்ட கேள்விகள் அனைத்தையும் அந்த நோட்டின் பின்பக்கத்தில் எழுதி, எந்தக் கேள்விக்கு எந்தச் சம்பவத்தைச் சொல்லியிருக்கலாம் என்று குறித்து வையுங்கள். அடுத்த முறை நாம் சந்திக்கும்போது அந்த நோட்டைக் கொண்டு வாருங்கள், அங்கிருந்து தொடங்குவோம்.