குளியலறையை இருட்டறையாக்கலாமா?

கேள்வி: தாத்தா நடத்திய ஸ்டுடியோவின் என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழச் செய்யும் கருவி) இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஐந்தடிக்கு ஏழடி அளவுள்ள குளியலறையை இருட்டறையாக மாற்றி, கருப்பு வெள்ளைப் படங்களை நானே அச்சிட விரும்புகிறேன். எவற்றில் கவனமாக இருக்க வேண்டும்?
– வாசகர், மதுரை

பதில்: அந்த இடம் தாராளமாகப் போதும். முதலில் என்லார்ஜரின் லென்ஸைக் கழற்றி, டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். நெடுநாள் பூட்டிவைத்த லென்ஸில் பூஞ்சை படர்ந்திருந்தால் படம் மங்கலாகவே விழும்.

ஜன்னலைக் கனத்த கறுப்புத் துணியாலும் கதவிடுக்கைத் துணிச்சுருளாலும் அடைத்த பின், உள்ளே விளக்கின்றிப் பத்து நிமிடம் நில்லுங்கள். கண் இருளுக்குப் பழகிய பிறகுதான் ஒளி கசியும் இடங்கள் தெரியவரும். தாளைப் பாதிக்காது என்று அச்சிடும்போது எரியவிடும் சிவப்பு விளக்கையும் சோதிக்காமல் நம்ப வேண்டாம். என்லார்ஜரின் கீழ் மிக இலேசாக ஒளி காட்டிய புகைப்படத் தாளின்மேல் நாணயம் ஒன்றை வைத்து, சிவப்பு விளக்கில் ஐந்து நிமிடம் விட்டு டெவலப் செய்யுங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் அந்த விளக்கு ஆகாது. சாயம் பூசிய சாதாரண பல்புகள் இதில் தேறாமல் போவதுண்டு.

உங்கள் ஊரில் ஒளியைவிட அதிகத் தொல்லை தரப்போவது வெப்பம்தான். தாளில் படத்தை எழும்பச் செய்யும் கரைசலான டெவலப்பருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 20 டிகிரி செல்சியஸ். மே மாதத்தில் மாடித் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் படம் அவசரமாக எழும்பிவிடுவதால் சாயல்களைக் கவனிக்க நேரமிருக்காது, கரைசலும் விரைவில் வலுவிழக்கும். ஆகவே இரவில் வேலை செய்யுங்கள். மண்பானையில் வைத்த நீரில் கரைசலைக் கலந்து, அதை ஊற்றிய தட்டுகளை ஐஸ் பொட்டலங்கள் மிதக்கும் அகலமான பாத்திரத்தில் இறக்கி வையுங்கள். 20 டிகிரி எட்டாவிட்டால் 24 டிகிரியும் சரியே. ஆனால் அந்த அளவு இரவு முழுவதும் மாறக்கூடாது, ஏனெனில் எவ்வளவு நேரம் ஒளி காட்டுவது என்று அறிய ஒரு வெப்பத்தில் எடுத்த சோதனைத் துண்டின் கணக்கு இன்னொரு வெப்பத்தில் பொருந்தாது.

பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்.சி. தாளில் தொடங்குங்கள். டெவலப்பரில் ஏறத்தாழ ஒரு நிமிடம், டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத்தில் பத்து விநாடி, படத்தை நிலைக்கச் செய்யும் ஹைப்போவில் புட்டியில் குறித்த நேரம், பிறகு ஓடும் நீரில் இரண்டு நிமிடம் போதும். அந்தப் பூச்சில்லாத ஃபைபர் தாளுக்கோ நெடுநேரம் அலச வேண்டும்.

என்லார்ஜர் ஒரு பக்கம், தட்டுகள் எதிர்ப்பக்கம் என்று பிரித்துவிடுங்கள். ஈரக்கையோடு ஸ்விட்சைத் தொடவே கூடாது. பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கும் என்பதால், அதைக் கிணற்றடியிலோ தோட்டத்திலோ ஊற்றாமல் கேனில் சேர்த்து, எக்ஸ்ரே நிலையங்களிலிருந்து வெள்ளி பிரித்தெடுக்க வாங்கிச் செல்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.