ஒமெப்ரசோல் தம்பிக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை?

அக்காவுக்கு உடனே கேட்ட ஒமெப்ரசோல் என்ற வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து, 7 வயதுத் தம்பியின் நெஞ்செரிச்சலை அசைக்கவே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகளிடமும் இது நடக்கும்.

இந்த மருந்தை உடைப்பது கல்லீரலில் உள்ள சிஒய்பி2சி19 என்ற நொதி. அதற்கான மரபணுவில் அம்மாவிடமிருந்து ஒரு பிரதி, அப்பாவிடமிருந்து ஒன்று. யாருக்கு எந்தப் பிரதி வாய்க்கும் என்பது குலுக்கல் சீட்டு மாதிரிதான். வேகமான பிரதி கிடைத்தால் மருந்து சீக்கிரமே கரைந்துபோய், அமிலம் அடங்காது. மெதுவான பிரதி இரண்டும் சேர்ந்தால் மருந்து ரத்தத்தில் தேங்கும். அதுவும் நல்லதல்ல: இதே வகை மருந்தான லான்சோப்ரசோல் எடுத்த ஆஸ்துமா குழந்தைகளில், மருந்தை மெதுவாக உடைப்பவர்களுக்குச் சளித்தொல்லை அதிகம் வந்ததாக ஓர் ஆய்வு உண்டு.

சரி, முதலில் ஒன்றைப் பாருங்கள். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு கொடுக்கிறீர்களா? பல வீடுகளில் கோளாறு அங்கேதான். அது சரியாக இருந்தால், மரபணுப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மரபணுவுக்கு ஏற்ப மருந்து கொடுப்பது பற்றி மருத்துவர்களுக்கு வழிகாட்டும் சிபிஐசி என்ற சர்வதேசக் குழு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மிக வேகமாக உடைப்பவர்களுக்கு அளவை 50 முதல் 100 சதவீதம் வரை கூட்டச் சொல்கிறது. இந்த நொதியை அவ்வளவாகச் சாராத, அதே வகை மருந்தான ரபெப்ரசோலுக்கு மாற்றுவதும் உண்டு. நீங்களாக அளவைக் கூட்டிவிடாதீர்கள். அப்புறம், நெஞ்செரிச்சல் எல்லாமே அமிலத்தால் வருவதில்லை என்பதையும் அவரிடம் பேசுங்கள்.