ஏழு வோல்ட் எங்கே போகிறது?

கேள்வி: 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் எடைக்கருவி செய்கிறேன். மைக்ரோகன்ட்ரோலர், டிஸ்பிளே, லோட் செல் (எடையை மின் சிக்னலாக மாற்றும் சென்சார்) எல்லாம் சேர்ந்து 5 வோல்ட்டில் 300 மில்லிஆம்பியர் இழுக்கின்றன. 12 வோல்ட்டை 5 ஆகக் குறைக்க 7805 என்ற லீனியர் ரெகுலேட்டர் சிப் போதுமா, வேகமாக ஆன்-ஆஃப் செய்து குறைக்கும் ஸ்விட்சிங் ரெகுலேட்டர் வேண்டுமா?

பதில்: 7805 மிச்சமுள்ள 7 வோல்ட்டையும் சூடாக்கியே தீர்க்கும். 7 × 0.3 = 2.1 வாட். உங்கள் சர்க்யூட்டுக்குப் போவதோ 1.5 வாட்தான்! ஹீட்சிங்க் இல்லாமல் மூடிய பெட்டிக்குள் வைக்கவே வைக்காதீர்கள். 90 சதவீதத் திறனுள்ள பக் கன்வெர்ட்டரில் (வோல்ட்டைக் குறைக்கும் ஸ்விட்சிங் ரெகுலேட்டர்) வீணாவது 0.2 வாட்டுக்கும் குறைவு.

ஆனால் லோட் செல் என்றதும் நிதானிப்பேன். அது தரும் சிக்னல் சில மில்லிவோல்ட்தான். என் முதல் தராசுக்கு ஸ்விட்சிங் சப்ளையை நேரே கொடுத்தேன். தட்டு காலியாக இருந்தபோதும் கடைசி இரண்டு இலக்கங்கள் ஆடிக்கொண்டே இருந்தன. இரண்டு நாள் புரோகிராமில் பிழை தேடினேன். காரணம் சப்ளையின் ரிப்பிள், அதாவது வோல்ட்டில் வரும் சிறு ஏற்ற இறக்கம்.

அதனால் ஸ்விட்சிங், லீனியர் இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். பக் மூலம் 5 வோல்ட். அதிலிருந்து லோட் செல்லுக்கும் ஏடிசிக்கும் (சிக்னலை எண்ணாக மாற்றும் சிப்) மட்டும் தனியாக ஓர் எல்டிஓ (குறைந்த வோல்ட் வித்தியாசத்திலும் வேலை செய்யும் லீனியர் ரெகுலேட்டர்), 3.3 வோல்ட்டுக்கு. அங்கே 20 மில்லிஆம்பியர் ஓடினாலும் இழப்பு 0.034 வாட்தான். அதிவேக இரைச்சலை எல்டிஓ முழுதாகத் தடுக்காது; அதற்கு முன்னால் அந்த இரைச்சலைக் குறைக்கும் ஒரு ஃபெரைட் பீட் அவசியம். பக்கின் காயிலை லோட் செல் ஒயர்களிலிருந்து தள்ளியே வையுங்கள்.