ஐரோப்பா கோச் டூரில் (பேருந்தில் கூட்டமாக ஊர் ஊராகப் போகிற பயணம்) ஒரு நாள் உண்மையில் எப்படிப் போகும்? வயதான பெற்றோரை அழைத்துப் போகலாமா?

2023 மே மாதம் அப்பா (71), அம்மா (66) இருவரையும் கூட்டிக்கொண்டு இப்படி ஒரு டூர் போய்வந்தேன். பத்து நாளையும் சொன்னால் உங்களுக்கும் அலுப்பு, எனக்கும் அலுப்பு. இத்தாலியில் பைசா, ஃபிளாரன்ஸ் இரண்டையும் ஒரே நாளில் பார்த்த ஆறாம் நாளை மட்டும் சொல்கிறேன். மற்ற நாட்களும் ஏறக்குறைய இதே அச்சுதான்.

முதலில் ஒன்று. டூர் மேனேஜர் வைத்ததுதான் சட்டம் என்று ஐந்து நாள் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பு, உண்மையான சட்டம் ஓட்டுநர் பக்கம். அவருக்கு முன்னால் டாக்கோகிராஃப் என்று ஒரு கருவி இருக்கிறது. எத்தனை மணி நேரம் ஓட்டினார், எப்போது நிறுத்தினார் என்பதெல்லாம் அதில் பதிவாகிவிடும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் இடைவேளை எடுத்தாக வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து. இரவு 11 மணி நேரம் ஓய்வு. அந்த ஓய்வைச் சில நாள் ஒன்பதாகக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் எங்கள் ஓட்டுநர் அந்தச் சலுகையை முன்பே தீர்த்துவிட்டார். ஆக, காலை ஏழரைக்கு அவர் வேலையைத் தொடங்கினால் இரவு எட்டரைக்குள் ஓட்டல் வாசலில் வண்டி நிற்க வேண்டும். நம்மூர் டிராவல்ஸ் வண்டியில் "அண்ணே, இன்னும் ஒரு அரை மணி நேரம்" என்று கேட்பதுபோல் அங்கே கேட்க முடியாது. மாட்டினால் அபராதம்.

ஓட்டல் மோன்டெகாட்டினி என்ற ஊரில். ஃபிளாரன்ஸ் ஓட்டல் என்று திட்டத்தில் போட்டிருப்பார்கள், தங்குவது என்னவோ ஐம்பது கிலோமீட்டர் தள்ளி. ஏழு மணிக்கு டிபன், ஏழே முக்காலுக்குத் தலை எண்ணிக்கை. 42 பேர். உட்காரும் இடம் தினமும் மாறும், அன்று எங்களுக்குக் கடைசிக்கு முந்தைய வரிசை. கோச்சில் கழிவறை இருந்தது, பூட்டியும் இருந்தது.

பைசாவில் கோபுரத்துக்கு அருகில் கோச் போகாது. ஊருக்கு வெளியே ஒரு பெரிய நிறுத்தம், அங்கிருந்து ஷட்டில் வண்டி, அப்புறம் கொஞ்சம் நடை. மதில் வாசலைத் தாண்டியதும் பச்சைப் புல்வெளியில் வெள்ளைப் பளிங்காகக் கட்டடங்கள் நிற்கின்றன. ஞானஸ்நானக் கூடம், கதீட்ரல், அதற்குப் பின்னால் கோபுரம். படத்தில் நூறு முறை பார்த்ததுதான். ஆனாலும் நேரில் அந்தச் சாய்வு வயிற்றைப் பிசைகிறது.

எங்கள் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் கோபுரத்தைக் கையால் தாங்குகிற மாதிரி படம் எடுக்கப் போய்விட்டார்கள். அப்பா பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்தவர். அவருக்கு மட்டும் கண் அஸ்திவாரத்தில். 1173இல் கட்டத் தொடங்கி, மூன்றாம் தளம் எழும்பும்போதே தெற்குப் பக்கம் இறங்க ஆரம்பித்துவிட்டது. அடியில் இளகிய களிமண், அஸ்திவாரமோ மூன்று மீட்டர் ஆழம்தான். போர்களால் வேலை ஏறக்குறைய நூறு வருடம் நின்றுபோனது. "அந்த நூறு வருஷத்துல மண்ணு இறுகியிருக்கு. விடாம கட்டியிருந்தா அப்பவே விழுந்திருக்கும்" என்றார். பிறகு வந்தவர்கள் சாய்வைச் சரிக்கட்ட மேல் தளங்களை எதிர்ப்பக்கம் திருப்பிக் கட்டியதால், உற்றுப் பார்த்தால் கோபுரம் லேசாக வளைந்திருப்பதும் தெரியும். 1990இல் மூடி, வடக்குப் பக்க அடிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துளையிட்டு எடுத்து, உச்சியை அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நிமிர்த்தி, 2001இல் திறந்தார்கள். முழுக்க நிமிர்த்தவில்லை. நிமிர்த்தினால் யார் வருவார்கள்?

கோபுரத்தில் ஏறலாம், இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட படிகள், நேரம் குறித்த டிக்கெட். கோச் டூரில் அது கிடையாது. எங்களுக்குக் கிடைத்தது எழுபது நிமிடம். அதில் கழிவறை வரிசைக்கே இருபது போனது. கழிவறைக்குக் கொடுக்கச் சில்லறை யூரோ எப்போதும் பையில் இருக்கட்டும்.

ஃபிளாரன்ஸுக்கு ஒன்றரை மணி நேரம். பழைய நகருக்குள் கோச்சுக்கு அனுமதி இல்லை என்பதால் ஆர்னோ ஆற்றங்கரையில் இறக்கிவிட்டார்கள். இந்திய உணவகத்தில் மதியச் சாப்பாடு: பருப்பு, சோறு, பனீர். பத்து நாளும் இதே பருப்புதான், அம்மா பையிலிருந்து பூண்டு ஊறுகாய் வெளியே வந்தது.

உள்ளூர் வழிகாட்டி ஒரு பெண்மணி, நல்ல ஞானம். ஆளுக்கொரு காது ரிசீவர் கொடுத்துவிடுவார்கள், அவர் நூறடி முன்னால் போனாலும் குரல் கேட்கும். சான்டா குரோச்சே தேவாலயத்தின் முன் நிறுத்தி, உள்ளே மிக்கேலாஞ்சலோ, மாக்கியவெல்லி, கலிலியோ ஆகியோரின் கல்லறைகள் இருப்பதாகச் சொன்னார். கலிலியோ பிறந்த ஊரைத்தான் காலையில் விட்டு வந்திருந்தோம். சரி, உள்ளே போவோம் என்று அப்பா படியேறப் பார்த்தார். திட்டத்தில் "வெளியிலிருந்து" என்று போட்டிருக்கிறதாம்.

பணம் கட்டுமுன் திட்டத்தில் இந்தச் சொற்களைத்தான் படிக்க வேண்டும். "நுழைவு உண்டு" என்றிருந்தால் மட்டும் உள்ளே. "வெளியிலிருந்து" என்றால் வாசல். "போட்டோ ஸ்டாப்" என்றால் பத்து நிமிடம். "வழியில் காணலாம்" என்றால் கண்ணாடி ஜன்னல், அதுவும் நீங்கள் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால். "நேரம் இருந்தால்" என்பதை இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கதீட்ரலும் வெளியிலிருந்துதான். ஆனால் புருனெல்லெஸ்கி என்ற கட்டடக் கலைஞர் கட்டிய அதன் குவிமாடத்தைக் கீழே நின்று பார்த்த அந்தக் கால் மணி நேரத்துக்காகவே இந்த டூருக்குக் கொடுத்த காசைக் கொடுக்கலாம். 1420இல் தொடங்கி 1436இல் முடித்தது, நாற்பது லட்சத்துக்கும் மேல் செங்கல், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கூடு. தரையிலிருந்து சாரம் கொடுத்துத் தாங்காமல் எழுப்பினார்கள் என்று வழிகாட்டி சொன்னதும் அப்பா ரிசீவரைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "சென்ட்ரிங் இல்லாமயா?" அப்புறம் வெகுநேரம் பேசவில்லை.

அரண்மனைச் சதுக்கத்தில் நிற்கும் மிக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலை வெறும் நகல். அசல் 1873இல் அகாடமியா என்ற கலைக்கூடத்துக்குப் போய்விட்டது. அங்கே எங்களுக்குக் கிடைத்தது பதினைந்து நிமிடம். அடுத்து லெதர் கடை. தோலில் தங்க ரேக் பதிப்பதை ஒருவர் செய்துகாட்டினார், பிறகு கதவு திறந்து விற்பனைக் கூடம். 35 நிமிடம். கழிவறை இலவசம், வெளியே வருவதற்கு வழிதான் கொஞ்சம் சுற்று. எங்களுக்குக் கிடைத்த 'பத்து சதவீதத் தள்ளுபடி' எல்லாக் கூட்டத்துக்கும் உண்டு என்பது பக்கத்து அறையில் கேட்ட இன்னொரு மேனேஜரின் குரலில் தெரிந்தது.

நாலரையிலிருந்து ஐந்தே கால் வரை நம் நேரம். பொன்டே வெக்கியோ என்ற பழைய பாலத்துக்கு வேகமாக நடந்தோம். 1944இல் பின்வாங்கிய ஜெர்மானியர்கள் தகர்க்காமல் விட்ட ஒரே ஆர்னோ பாலம் இந்த ஊரில் இதுதான். முன்பு இறைச்சிக் கடைகள், 1593 முதல் பொற்கொல்லர்கள். அம்மா ஒரு வளையலைத் திருப்பிப் பார்த்தார். 750 முத்திரை, அதாவது 18 காரட். "916 இல்லையா? அப்ப எதுக்குடா இந்த விலை?" என்று வைத்துவிட்டார்.

ஐந்தே காலுக்கு 40 பேர் வந்துவிட்டோம். ஒரு தம்பதி வழி தவறி ஐந்து ஐம்பத்தைந்துக்கு வந்தார்கள். அதற்குப் பின் சாப்பாடு. எட்டரைக் கணக்கில் கை வைக்க முடியாததால் மாலைக்கு வைத்திருந்த பியாசாலே மிக்கேலாஞ்சலோ அடிபட்டது. ஆற்றுக்கு அக்கரையில் உயரத்திலிருந்து நகரம் முழுவதையும் பார்க்கிற இடம் அது. நான் அதற்காகவே காத்திருந்தேன். திட்டத்தில் "நேரம் இருந்தால்".

வண்டியில் எல்லோரும் அந்தத் தம்பதியைக் காதில் விழும்படித் திட்டிக்கொண்டே வந்தார்கள். அப்பா என்னிடம் மட்டும், "தோல் கடையில 35 நிமிஷம் நின்னமே, அதை யாராவது கேட்டாங்களா?" என்றார்.

பெற்றோர் விஷயத்துக்கு வருகிறேன். அழைத்துப் போகலாம். விசா, சாப்பாடு, பெட்டி தூக்குவது எதுவும் உங்கள் தலையில் விழாது. நடைதான் பிரச்சினை. அன்று என் போன் காட்டியது பதினாலாயிரம் காலடி, அதில் பாதி கற்கள் பதித்த தெரு. அம்மாவுக்கு மூட்டு வலி உண்டு, ஃபிளாரன்ஸில் இரண்டு இடத்தில் உட்கார வைத்தேன். வழிகாட்டி நிற்கவில்லை, ரிசீவரில் குரல் மட்டும் தேய்ந்துகொண்டே போனது. முடிந்தால் டூர் முடிந்த பின் ஒரே ஓர் ஊரில் இரண்டு நாள் கூடுதலாக நீங்களாகத் தங்கும்படி திரும்பும் டிக்கெட்டைப் போடுங்கள். நாங்கள் போடவில்லை. சான்டா குரோச்சேயின் உட்புறத்தை அப்பா இப்போது யூடியூபில் பார்த்துக்கொண்டிருக்கிறார்.