வாட்ஸ்அப் ஏஜென்ட் எப்ப கேக்கணும், எப்ப தானா செய்யணும்?

கேள்வி: ஈரோட்டுல நைட்டி மொத்த வியாபாரம். வாட்ஸ்அப்ல ஆர்டர் எடுக்க ஏஐ ஏஜென்ட் போட்டோம். முதல்ல தானாவே தப்பு ஆர்டர் போட்டுச்சு, இப்ப எல்லாத்துக்கும் "உறுதியா?"ன்னு கேட்டு கடைக்காரங்க கடுப்பாகுறாங்க. என்ன பண்றது?

பதில்: தப்பா செஞ்சுட்டா திருப்பி எடுக்க முடியுமா, எவ்ளோ நஷ்டம், அத மட்டும் பாருங்க. ஸ்டாக் இருக்கா, பார்சல் எங்கன்னு பாத்து சொல்ல அனுமதியே வேணாம். பில் போடுறது, லாரில ஏத்துறது, பணம் திருப்புறது இதெல்லாம் கேட்டுட்டுதான். மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர் எரிக் ஹார்விட்ஸ் 1999லயே இத எழுதிட்டார், கேக்குற எரிச்சல் ஒரு பக்கம், தப்பா செய்யுற நஷ்டம் ஒரு பக்கம், ரெண்டையும் எடைபோட்டுதான் முடிவெடுக்கணும்னு.

கேக்குற விதமும் முக்கியம். "போன தடவை மாதிரியே அனுப்புங்க, ப்ளூ வேணாம்"னு வந்தா "உறுதியா?"ன்னு கேக்காதீங்க, "போன தடவை 20 பீஸ், அதுல 5 ப்ளூ. அந்த 5க்கு மெரூன் போடட்டுமா?"ன்னு கேட்டா ஒரே வார்த்தைல பதில் வந்துடும்.

இதுல ஒரு விஷயம் மட்டும் கவனமா இருங்க. ராத்திரி கேட்ட கேள்விக்கு பதிலே வரலன்னு வைங்க, அத சம்மதம்னு எடுக்கக் கூடாது, ஆர்டர கேன்சலும் பண்ணக் கூடாது, நிறுத்தி வச்சு காலைலயே உங்க ஆளுக்கு காட்டணும், ஏன்னா கஸ்டமரோட கடைசி மெசேஜ்ல இருந்து 24 மணி நேரம் தாண்டிட்டா வாட்ஸ்அப்ல இஷ்டத்துக்கு எழுத முடியாது, வாட்ஸ்அப்கிட்ட முன்னாடியே ஒப்புதல் வாங்கின டெம்ப்ளேட், அதாவது ரெடியா எழுதி வச்ச மெசேஜ்தான் அனுப்பலாம், அதையும் தயாரா வச்சுக்கங்க.

ரேட்ட மட்டும் ஏஜென்ட் சொந்தமா சொல்லவே கூடாது, பில்லிங் சாஃப்ட்வேர்ல இருந்து எடுக்கட்டும். ஏர் கனடா விமான கம்பெனியோட சாட்பாட் டிஸ்கவுண்ட் பத்தி தப்பா சொல்லி, 2024ல கம்பெனிதான் பயணிக்கு பணம் கொடுக்க வேண்டி வந்துச்சு.

"ஆளே தேவையில்ல"ன்னு விக்கிற ஏஜென்சிய நம்பாதீங்க. மனுஷன்கிட்ட போகாம முடிஞ்ச சாட் இத்தனை சதவீதம்னு ரிப்போர்ட் காட்டுவாங்க, கோவத்துல பாதில போனவனும் அதுல வெற்றி கணக்குதான்! இந்தத் துறையே இப்படி அளந்துக்கிட்டு இருக்குறது அநியாயம். ஆள்கிட்ட மாத்தும்போது முழு பேச்சும் கூடவே போகுதா, கஸ்டமர் திரும்ப முதல்ல இருந்து சொல்லணுமான்னு டெமோல உங்க பழைய மெசேஜ வச்சே பாருங்க. முக்கியமா வாட்ஸ்அப் பிசினஸ் அக்கவுண்ட் யார் பேர்ல இருக்குன்னு இன்னிக்கே பாருங்க. அவங்க பேர்ல இருந்தா நாளைக்கு விலகும்போது நம்பருக்கே அவங்ககிட்ட கெஞ்சணும்.