கட்டைவிரல் எலும்பு முறிவுக்கு ஆபரேஷன் செய்தபின் எத்தனை நாள் கட்டு இருக்கும்? விரல் பழையபடி வேலை செய்யுமா?

எனக்குக் கட்டு ஆறு வாரம் இருந்தது. விரல் என் விரலாக ஐந்து மாதம் ஆனது. இவை இரண்டும் வேறு வேறு கணக்கு என்பது கட்டுப் பிரித்த அன்றுதான் உறைத்தது.

வண்டி சறுக்கி விழுந்ததில் வலது கட்டைவிரலின் அடி எலும்பு, மணிக்கட்டோடு சேரும் இடத்தில் மூட்டுக்குள்ளேயே உடைந்துவிட்டது. இதற்குப் பென்னட் முறிவு என்று பெயர். 1882-ல் இதை விவரித்த டப்ளின் அறுவை மருத்துவரின் பெயர் அது. மாவுக்கட்டு மட்டும் போட்டால் ஆகாதா என்று கேட்டேன். உடைந்த சின்னத் துண்டு இருந்த இடத்திலேயே நிற்குமாம். மீதி எலும்பைத் தசைநாண் ஒன்று இழுத்துக்கொண்டே இருப்பதால், வெளியே எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் உள்ளே நழுவிவிடும் என்றார் டாக்டர். அதனால் தோல் வழியாக இரண்டு மெல்லிய கம்பிகளைச் செருகி எலும்பை நிறுத்தினார்கள். அதற்கு மேல், கட்டைவிரலிலிருந்து முன்கைவரை கட்டு. ப்ளேட், ஸ்க்ரூ போட்டவர்களைச் சில சமயம் சீக்கிரமே அசைக்கச் சொல்வார்கள், எனவே என் ஆறு வாரத்தை அப்படியே உங்களுக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

முதல் வாரம் கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தியே வைத்திருந்தேன். தொங்கவிட்டால் ஐந்தே நிமிடத்தில் விண் விண்ணென்று தெறிக்கும். கட்டுக்கு வெளியே இருக்கும் நான்கு விரல்களையும் மடக்கி நீட்டிக்கொண்டே இருங்கள் என்றார்கள். உடைந்தது கட்டைவிரல்தானே என்று நான் சும்மா இருந்துவிட்டேன். மூன்றாவது வாரம் ஆள்காட்டி விரலே மடங்கமாட்டேன் என்றது. இந்தத் தப்பை மட்டும் செய்யாதீர்கள். முழங்கை, தோள்பட்டைக்கும் இதே கதைதான்.

கட்டு நனையக் கூடாது. அரிக்கிறதென்று உள்ளே ஸ்கேல், பென்சில் எதையும் விடக் கூடாது. காய்ச்சல், சீழ், கூடிக்கொண்டே போகும் வலி, விரல் மரத்துப்போவது, நீலம் பாய்வது என்று எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

ஆறாவது வாரம் எக்ஸ்ரே பார்த்துவிட்டுக் கம்பியை உருவினார்கள். மயக்க மருந்தெல்லாம் இல்லை. குறடு மாதிரி ஒன்றால் பிடித்து ஒரே இழு. வலியைவிட, உள்ளுக்குள் ஏதோ வழுக்கிக்கொண்டு போகும் உணர்வுதான் கூச்சமாக இருந்தது. அப்புறம் கையைப் பார்த்தேன். தோல் செதில் செதிலாக உரிந்து, கட்டைவிரலடியில் இருந்த சதை மேடு வற்றிக் கிடந்தது. சுண்டுவிரலைத் தொடப் பார்த்தேன், பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

பிசியோதெரபியில் இதற்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் உண்டு. கட்டைவிரல் நுனி ஆள்காட்டி விரல் நுனியைத் தொட்டால் 3, சுண்டுவிரல் நுனியைத் தொட்டால் 6, சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கை ரேகையைத் தொட்டால் 10. முதல் நாள் நான் வாங்கியது 3. தினமும் நான்கைந்து தடவை வெதுவெதுப்பான தண்ணீரில் கையை ஊறவைத்து, மெதுவாக மடக்கிப் பழகினேன். இரவிலும் வெளியே போகும்போதும், விரலை அசையாமல் தாங்கும், கழற்றி மாட்டும் ஸ்பிளிண்ட். 10 எடுக்க நான்கு மாதம் பிடித்தது.

விரல் மடங்க ஆரம்பித்ததும் எதையாவது இறுக்கிப் பிடித்துப் பார்க்கக் கை துறுதுறுக்கும். அங்கேதான் தெரபிஸ்ட் கண்டிப்பாக இருந்தார். நுனியில் ஒரு கிலோ அழுத்தம் கொடுத்தால் அடிமூட்டில் கிட்டத்தட்ட 12 கிலோ விழுமாம். அதைக் கேட்டபின் பாட்டில் மூடிப் பக்கமே நான் போகவில்லை. சட்டைப் பொத்தான் எட்டாவது வாரம் வசப்பட்டது. பேனா பிடிப்பது அதற்குக் கொஞ்சம் பின்னால். பூட்டில் சாவியைத் திருகுவது மட்டும் ஐந்தாம் மாதம் வரை இடது கையால்தான்.