மடக்கு டிரெய்லரைக் கொடுத்துவிட்டுப் பெரியது வாங்கலாமா?

கேள்வி: ஐந்து வருடமாக, காருக்குப் பின்னால் இழுத்துப் போய் உள்ளே தங்கும் துணிச்சுவர் வைத்த மடக்கு டிரெய்லரில்தான் முகாம் போய் வருகிறோம். பிள்ளைகளுக்கு இப்போது 11, 8 வயது. இந்த வருடத்திலிருந்து என் அம்மாவும் எங்கள் நால்வருடன் வருகிறார். அவருக்கு முழங்கால் வலி. ராத்திரியில் கழிப்பறை தேடி வெளியே நடப்பது கஷ்டம். அடுக்குக் கட்டிலும் கழிப்பறையும் உள்ள கெட்டிச்சுவர் டிரெய்லர் ஒன்று பிடித்திருக்கிறது. பழையதை எக்ஸ்சேஞ்சில் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வதாக டீலர் சொல்கிறார். காரை மாற்றும் எண்ணம் இல்லை. மாற்றலாமா?

பதில்: மாற்றலாம். அம்மாவின் முழங்கால் ஒன்றே போதுமான காரணம். ஆனால் காரை மாற்றப் போவதில்லை என்கிறீர்கள். அப்படியானால் எந்த டிரெய்லர் என்பதை முடிவு செய்ய வேண்டியது உங்கள் கார்தான். அதன் கையேட்டை எடுத்து மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எவ்வளவு எடையை இழுக்கலாம், இணைப்புக் கொக்கியின் மேல் எவ்வளவு எடை உட்காரலாம், காருக்குள் மொத்தம் எவ்வளவு ஏற்றலாம்.

மூன்றாவது எண்ணைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். டிரெய்லரின் முன்பாரம், அதாவது அதன் முன்முனை கொக்கியை அழுத்தும் எடை, காரின் மேல்தான் இறங்குகிறது. அதனால் காரில் ஏற்றும் சுமையோடு அதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். வட அமெரிக்காவில் டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பாரமாக இருக்க வேண்டும் என்பார்கள். ஐரோப்பிய கார்களுக்கு வரம்பு இதைவிடக் குறைவு. 1,500 கிலோ டிரெய்லரில் 10 சதவீதம் என்றாலே 150 கிலோ, அதாவது பெரியவர்கள் இரண்டு பேர் கூடுதலாக ஏறிய மாதிரி. உங்கள் காரில் ஏற்கெனவே ஐந்து பேர் உட்காரப் போகிறீர்கள். டிரெய்லரை இழுக்கும் சக்தி காருக்கு இருந்தும், இந்த இடத்தில் கணக்கு இடிக்கலாம்.

அடுத்தது, விளம்பரத் தாளில் பெரிதாகப் போட்டிருக்கும் காலி எடையை நம்பி வாங்காதீர்கள். பேட்டரி, கேஸ் சிலிண்டர், வெளிப்பந்தல் எல்லாம் பல நேரம் அதில் சேர்ந்திருக்காது. சுமையோடு சேர்த்து அனுமதித்த அதிகபட்ச எடை 1,500, காலி எடை 1,200 என்றால் உங்களுக்குக் கிடைப்பது 300 கிலோ. தண்ணீர்த் தொட்டி 100 லிட்டர் என்றால் அதிலேயே 100 கிலோ போய்விடும். மீதியில் ஐந்து பேரின் படுக்கை, பாத்திரம், துணிமணி எல்லாம் அடங்க வேண்டும். என் முந்தைய டிரெய்லரை முழுதாக ஏற்றி எடை மேடையில் நிறுத்தியபோது அனுமதித்த எடையைவிட 60 கிலோ கூடுதலாக இருந்தது. தொட்டித் தண்ணீரில் முக்கால்வாசியைத் திறந்துவிட்ட பிறகுதான் கிளம்பினோம். அன்றிலிருந்து அதிகபட்ச எடையை வைத்துத்தான் எதையும் பார்க்கிறேன்.

மடக்கு டிரெய்லர் ஓடும்போது காரின் முதுகுக்குப் பின்னால் பதுங்கிவிடும். கெட்டிச்சுவர் டிரெய்லர் காரைவிட உயரமாக நின்று காற்றை நேராக வாங்கும். எடை ஒன்றாகவே இருந்தாலும் மேடு ஏறும்போது வித்தியாசம் தெரியும், எரிபொருள் கூடுதலாகும், பக்கக்காற்று தள்ளும். கனமான பொருட்களைப் பின்பக்கம் அடுக்கினால் வால் ஆடத் தொடங்கிவிடும். சக்கர அச்சுக்கு மேலேயும் அதற்குச் சற்று முன்னாலும் வையுங்கள். இந்த எடைக்கு உங்கள் ஓட்டுநர் உரிமம் செல்லுமா, டிரெய்லரின் பிரேக்குக்கு ஏற்ற இணைப்பு காரில் இருக்கிறதா, வீட்டில் நிறுத்த உயரமும் நீளமும் போதுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கில் பெரிய டிரெய்லர் தேறவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். மூன்று பேர் வசதியாகப் படுக்கக்கூடிய, கழிப்பறை உள்ள சிறிய கெட்டிச்சுவர் டிரெய்லரை வாங்கி, பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒரு கூடாரம் போடலாம். உங்கள் நிலைமைக்கு எனக்கு இதுதான் அதிகம் பிடித்திருக்கிறது. அடுக்குக் கட்டிலின் நீளத்தையும் அது தாங்கும் எடையையும் பாருங்கள். 11 வயதுப் பிள்ளைக்கு இரண்டு வருடத்தில் அது பற்றாமல் போகலாம்.

சரி, பண விஷயத்துக்கு வருவோம். பழையதற்கு நல்ல விலை என்ற பேச்சில் மயங்காதீர்கள். கையிலிருந்து போகும் வித்தியாசத் தொகையை மட்டும் பாருங்கள். ஒரு டீலர் புதியதற்கு 100 சொல்லி, பழையதற்கு 30 தருகிறார், வித்தியாசம் 70. இன்னொருவர் பழையதற்கு 25தான் தருகிறார், ஆனால் புதியதை 92க்கு விடுகிறார், வித்தியாசம் 67. குறைவாகக் கொடுத்த மாதிரித் தெரிபவரிடம்தான் உங்களுக்கு லாபம். நீங்களே நேரடியாக விற்றால் பொதுவாகக் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் அலைச்சலும் காத்திருப்பும் உண்டு. சில இடங்களில் எக்ஸ்சேஞ்ச் செய்தால் வித்தியாசத் தொகைக்கு மட்டுமே வரி என்பதால் அந்த லாபம் சுருங்கிவிடும். பழையதன் மேல் கடன் பாக்கி இருந்து, அது இன்றைய மதிப்பைவிட அதிகம் என்றால் கொஞ்சம் பொறுங்கள். துண்டு விழும் அந்தத் தொகை புதிய கடனில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

வாங்கப்போவது ஏற்கெனவே ஓடியது என்றால், முதல் எதிரி ஓதம். கதவைத் திறந்ததும் ஈர வாடை அடிக்கிறதா? ஜன்னல் மூலைகளிலும் அலமாரிக்குள் கூரை சுவரோடு சேரும் இடத்திலும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் உள்ளே மரம் உளுத்திருக்கிறது. ஈரமானி வைத்துப் பார்க்கச் சொன்னால் 15 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. 20 தாண்டினால் விட்டுவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. டிரெய்லர் டயர் பெரும்பாலும் நின்றபடியே வயதாகும். பட்டை நன்றாக இருந்தாலும் பழையது பழையதுதான்.

முடிந்தால் அதே அளவு டிரெய்லரை இரண்டு ராத்திரி வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். முடியாவிட்டால் டீலரிடம் போகும்போது அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். படியில் தானாக ஏறட்டும், கட்டிலில் படுக்கட்டும். மற்றவர்களும் அவரவர் இடத்தில் படுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு, யாரையும் தாண்டாமல் அவர் கழிப்பறைக்குப் போய்த் திரும்ப முடிகிறதா என்று பாருங்கள்.